பாரிஸில் நல்ல ஜப்பானியச் சாப்பாடு: எங்கே போவது, எதைக் கேட்பது

பாரிஸில் எந்தப் பகுதியில் இறங்கினாலும் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் ஒரு ஜப்பானிய உணவகப் பலகை கண்ணில் படும். உள்ளே போனால் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான். சோற்றின் மேல் மீன் வைத்த சால்மன் சுஷி, சோறில்லாத பச்சை மீன் துண்டான சால்மன் சஷிமி, குச்சியில் சுட்ட கோழி, சீஸைச் சுற்றிய மாட்டிறைச்சிக் குச்சி, முதலில் ஒரு சின்னக் கிண்ணம், புளித்த சோயா விழுதில் செய்த மிசோ சூப், கூடவே புளிப்பான முட்டைக்கோஸ் சாலட். பாரிஸிலேயே வளர்ந்த தனி வகைச் சாப்பாடு இது. விலை குறைவு, வயிறு நிறையும். ஆனால் ஜப்பானில் மக்கள் சாப்பிடும் சாப்பாடு வேண்டும் என்று கிளம்பியவர் இங்கே ஏமாந்து போவார்.

அதனால் தேடும் முறையையே மாற்றுங்கள். ஜப்பானிய உணவகம் என்று பொதுவாகத் தேடாமல், இன்றைக்கு என்ன பண்டம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அதை மட்டும் செய்கிற கடையைத் தேடுங்கள். பிரியாணிக்கு ஒரு கடை, இட்லிக்கு ஒரு கடை என்று நாம் தேடிப் போவது போலத்தான் ஜப்பானியரும். தடித்த கோதுமை நூடுல்ஸான உடோன் விற்கும் கடையில் அவர்கள் சுஷி கேட்பதில்லை. பாரிஸிலும் நல்ல கடைகள் பெரும்பாலும் அப்படியே ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

எந்தப் பகுதி, எப்படிப் போவது

போக வேண்டிய இடம் சேன்த்-ஆன் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும். 1-ஆம், 2-ஆம் வட்டாரங்களில், ஓபேரா கார்னியே அரங்குக்கும் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கும் நடுவே இருக்கிறது. ஜப்பானிய வங்கிகள், விமான நிறுவனங்கள், பயண நிறுவனங்கள் ஆகியவற்றின் அலுவலகங்கள் ஓபேரா பக்கம் வந்தபோது அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மதியச் சாப்பாடு தேவைப்பட்டது. அப்படி முளைத்த கடைகள் என்பதால்தான் இன்றும் இங்கே சிறப்பாக இருப்பது ஆடம்பர விருந்து கிடையாது. ஒரு கிண்ணம் நூடுல்ஸ், ஒரு தட்டுச் சாப்பாடு, இருபது நிமிடத்தில் எழுந்து போவது என்கிற வேலைநாள் சாப்பாடுதான்.

மெட்ரோவில் 7 அல்லது 14-ஆம் தடத்தில் பிரமீத் நிலையத்தில் இறங்கினால் இரண்டு மூன்று நிமிட நடை. வடக்குப் பக்கக் கடைகளுக்கு 3-ஆம் தடத்தின் கத்ர்-செப்தாம்ப்ர் நிலையம் பக்கம். லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து வருபவர்கள் 2-ஆம் தடத்தில் ஒரே நிலையம் தள்ளி ஸ்டாலின்கிராட் போய் 7-ஆம் தடத்துக்கு மாறினால் நேரே பிரமீத். கார் து லெஸ்ட் வரை நடந்து வந்தால் மாறாமலே வரலாம்.

சேன்த்-ஆன் தெருவில் இப்போது கொரிய, தைவான் கடைகளும் நிறைய. தெருப் பெயரை மட்டும் நம்பி முதல் கதவைத் திறக்காதீர்கள். நல்ல கடைகளில் பல, அருகிலுள்ள பெத்தி-ஷான், வில்தோ, அர்ஜான்தோய், ரிஷ்லியூ தெருக்களில் இருக்கின்றன.

வாசலிலேயே தரம் பிரிப்பது

கதவுக்கு வெளியே விலைப்பட்டியல் மாட்டியிருக்கும். அதை நின்று முழுதாகப் படியுங்கள். சுஷி, சாற்று நூடுல்ஸான ராமென், குச்சி இறைச்சி, தாய்லாந்து நூடுல்ஸ் எல்லாம் ஒரே அட்டையில் எண் போட்டு இருந்தால் நகர்ந்து விடுங்கள். இத்தனை பண்டத்தையும் ஒரே அடுக்களையில் அன்றன்றைக்குச் செய்ய முடியாது. பாதி உறைபெட்டியிலிருந்துதான் வரும்.

மேசையில் இனிப்பு சோயா சாஸ் புட்டி இருந்தால் அது பாரிஸ் பாணிக் கடை. மிசோ சூப்போடு கரண்டி வைப்பதும் அப்படியே. ஜப்பானியர் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் குடிப்பார்கள், உள்ளே இருக்கும் டோஃபுவையும் கடற்பாசியையும் குச்சியால் எடுத்துக்கொள்வார்கள். மீன் பட்டியலில் சால்மனும் சூரையும் மட்டுமே இருந்தாலும் யோசியுங்கள். சால்மன் இருப்பது மட்டும் குற்றமில்லை. 1980-களில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை ஜப்பானில் பச்சையாகச் சாப்பிட வைக்க முயன்று அதில் வென்றதிலிருந்து அது அங்கேயும் சுஷிதான். வேறு மீனே இல்லாமல் இருப்பதுதான் குறை.

நம்பிக்கை தரும் அடையாளங்கள் வேறு. பட்டியல் ஒரே பக்கம். சமைப்பது கண் முன்னால் தெரியும். அன்றைய சிறப்பு கையெழுத்தில் ஜப்பானிய மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கும். தனியாக வந்தவர்கள் மேடையோரம் உட்கார்ந்து பேசாமல் வேகமாகச் சாப்பிடுவார்கள். சமையல்காரர் எந்த நாட்டவர் என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். பாரிஸின் மிக நல்ல ராமென் கடைகளில் ஒன்றான கொதவாரியைத் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மறுபக்கம், 2020-ல் பிரான்ஸில் மிஷ்லான் உணவக வழிகாட்டியின் மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானியரான கெய் கோபயாஷியின் உணவகத்தில் கிடைப்பது பிரெஞ்சுச் சமையல். ஜப்பானியப் பெயர் உள்ள சமையல்காரர்கள் பாரிஸில் பலர், அவர்களில் கணிசமானோர் பிரெஞ்சுச் சமையல்தான் செய்கிறார்கள்.

நேரம்

இங்கே பலர் கோட்டை விடுவது நேரத்தில். மதியம் 12 முதல் 2:30 வரை, இரவு 7 முதல் 10 அல்லது 10:30 வரை, இடையில் அடுக்களை மூடியிருக்கும். பெரும்பாலான நூடுல்ஸ் கடைகளில் முன்பதிவு கிடையாது, வரிசைதான். 11:40-க்குப் போய் நின்றால் முதல் பந்தியில் இடம் கிடைக்கும். 12:30-க்குப் போனால் அலுவலகக் கூட்டத்தோடு முக்கால் மணி நேரம் நிற்க நேரிடும். அதைத் தவறவிட்டால் 1:45-க்குப் போங்கள். ஆனால் உடோன் கடைகளில் அன்றைய மாவு தீர்ந்து போகும் ஆபத்து உண்டு. ஆட்கள் எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் மேசை தருவார்கள், அதனால் நண்பருக்கு இடம் பிடிக்கும் எண்ணம் பலிக்காது. இரண்டு பேராகப் போவது சிறந்தது. நான்கு பேர் என்றால் இரண்டு இரண்டாக உட்காரத் தயார் என்று சொல்லுங்கள். ஞாயிறு, திங்களில் ஒரு நாள் விடுமுறை என்பது வழக்கம், ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கில் மூடும். கிளம்பும் முன் அன்றைய நேரத்தைக் கட்டாயம் சரிபாருங்கள்.

உடோன்

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை உடோன்தான். வில்தோ தெருவில் குனிதொராயா, அர்ஜான்தோய் தெருவில் சனுகியா, இரண்டுமே பல வருடங்களாகத் தரம் காத்து வருபவை. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றே பொருள். ஷிகோகு தீவின் ககாவா பகுதிக்குரிய சனுகி பாணியில், பிசைந்த மாவை நேரம் கொடுத்து ஊறவிட்டு, தடிமனாக வெட்டி, பத்து நிமிடத்துக்கு மேலும் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் அலசுவார்கள். அந்த அலசலில்தான் மேற்பரப்பு வழவழப்பாகி உள்ளே இழுவை நிற்கும்.

கடையின் திறமையை அறிய ஸரு உடோன் கேளுங்கள். மூங்கில் தட்டில் குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் தொட்டுக்கொள்ளச் சாறு. சூடான சாற்றில் போட்டால் நூடுல்ஸ் நிமிடத்துக்கு நிமிடம் மென்மையாகிக்கொண்டே போகும், குறை இருந்தாலும் தெரியாது. ஸருவில் ஒளிய இடமில்லை. கடித்தால் மெல்லியதாக எதிர்த்து நிற்க வேண்டும், மாவு வாசனை வர வேண்டும். நூடுல்ஸின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாற்றில் தொடுங்கள். அந்தச் சாறு அடர்த்தியாகக் காய்ச்சியது, முழுதாக முக்கினால் உப்புக் கரிக்கும்.

குளிர்காலத்தில் சூடாக வேண்டுமென்றால் கிட்சுனே உடோன். எண்ணெயில் பொரித்து இனிப்பாக வேகவைத்த டோஃபு மேலே இருக்கும். மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புரா சேர்ப்பதாக இருந்தால் தனித் தட்டில் தரச் சொல்லுங்கள். சாற்றில் போட்டுக் கொண்டுவந்தால் முதல் இறாலைக் கடிப்பதற்குள் மற்றவை ஊறிவிடும். ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 12 முதல் 20 யூரோ, தெம்புராவோடு இன்னும் கூடும்.

ராமென்

ராமென் கிண்ணத்தில் நான்கு தனித்தனி வேலைகள் சேர்கின்றன. அடியில் உப்புச்சுவை தரும் தாரே, அதன் மேல் சாறு, மேலே மணமூட்டும் எண்ணெய், பிறகு நூடுல்ஸ். நூடுல்ஸின் மஞ்சள் நிறத்துக்கும் இழுவைக்கும் காரணம் மாவில் சேரும் கான்சுயி என்கிற காரநீர், அதாவது சோடா உப்பு வகை கரைந்த நீர். முட்டை சேராத நூடுல்ஸும் அதே நிறத்தில் இருக்கும்.

எந்தச் சாறு என்று முடிவு செய்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுங்கள். பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து வெண்மையாக்கிய டொன்கொட்சு வேண்டுமா, பெத்தி-ஷான் தெருவில் ஹகதா சோதென். மெல்லிய, நேரான நூடுல்ஸ், கூடவே சின்ன கியோசா, அதாவது உள்ளே இறைச்சி வைத்த கொழுக்கட்டை. கொழுப்பு மிதக்கும் கனமான சோயாச் சாறு வேண்டுமா, அதே தெருவில் நரிதாகே. கொழுப்பின் அளவைக் கேட்பார்கள், முதல் முறை குறைவாகவே சொல்லுங்கள். கோழிச் சாறு வேண்டுமா, ஆற்றின் தென்கரையில் மஸரின் தெருவில் கொதவாரி யோகோச்சோ. மீன் சாறு வேண்டுமா, ரிஷ்லியூ தெருவில் அவர்களுடைய த்சுகிஜி கிளை. அங்கே உள் அமைப்பே பழைய டோக்கியோ மீன் சந்தை போல இருக்கும், ஒலிகூட. சிலருக்கு அது பிடிக்காது. அலங்காரத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மத்தி மீனை வைத்து இவ்வளவு ஆழமான சாறு தரும் கடை ஐரோப்பாவில் அபூர்வம். சிக்கனமாகச் சாப்பிட, சேன்த்-ஆன் தெருவின் ஹிகுமா. பெரிய கிண்ணம், வேகமான சேவை, நுணுக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

கிண்ணம் வந்ததும் படம் எடுப்பதை அரை நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஹகதா நூடுல்ஸ் ஐந்தே நிமிடத்தில் தொய்ந்துவிடும், அதனால் ஆர்டர் செய்யும்போதே கதாமே என்று சொன்னால் சற்று விறைப்பாக எடுத்துத் தருவார்கள். சில கடைகளில் கயேதாமா உண்டு, அதாவது மீதமுள்ள சாற்றில் போட இன்னொரு கை நூடுல்ஸ். கொஞ்சம் சாறு மிச்சம் இருக்கும்போதே கேட்க வேண்டும். சாறு முழுவதையும் குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதியில் நிறுத்துவதே நல்லது. அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஜாம் பதத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் கடை அக்கறை இல்லாமல் செய்திருக்கிறது.

சோபா, ஓகோனோமியாகி

பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் நூடுல்ஸான சோபாவுக்கு 9-ஆம் வட்டாரத்தில் சோனியே தெருவின் அப்ரி சோபா, சேன்-ஜெர்மான் பகுதியில் யென். எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை என்பது வழக்கமான கலவை, ஆகவே குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இது பாதுகாப்பானது அல்ல. இன்னொன்று மிக முக்கியம். ஐரோப்பாவில் உணவகங்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் பக்வீட் கிடையாது. அது ஒவ்வாதவர்கள் பட்டியலை நம்பாமல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் நூடுல்ஸ் வெந்த நீரைச் சின்னக் கெண்டியில் கொண்டுவந்தால் மிச்சமுள்ள தொட்டுச்சாற்றில் ஊற்றிக் குடியுங்கள்.

ஓகோனோமியாகி, அதாவது முட்டைக்கோஸ் நிறையச் சேர்த்து இரும்புக் கல்லில் சுடும் தடித்த அடை, சேன்த்-ஆன் தெருவிலேயே அகி, ஹப்பதெய் இரண்டிலும் கிடைக்கும். கல்லுக்கு எதிரே இடம் கேளுங்கள். சுடக் கால் மணி நேரம் ஆகும், அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

சுஷி

பாரிஸில் நல்ல சுஷிக்கு நடுத்தர விலை என்று ஒன்று அரிது. ஒரு பக்கம் மலிவான பெட்டிச் சுஷி, மறுபக்கம் மேடைக்கு எதிரே உட்கார்ந்து சமையல்காரரிடமே தேர்வை விட்டுவிடும் ஒமகாசே. பின்னது மதியத்திலேயே நூறு யூரோவைத் தாண்டும், இரவில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. சூர்தியேர் தெருவின் ஜின், ஷான்-செலிசே பக்கம் பவியோன் லெதுவாயேனில் உள்ள லபிஸ் இரண்டும் அந்த வரிசையில் பெயர் பெற்றவை. பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும், வங்கி அட்டை எண் கேட்பார்கள், வராவிட்டால் பணம் பிடிப்பார்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். அரை மணி தாமதமானால் மேடையில் இருக்கும் எல்லோருக்கும் தடங்கல், ஏனென்றால் அனைவருக்கும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள்.

தரம் பார்க்க மீனைவிடச் சோற்றைக் கவனியுங்கள். உடல் வெப்பத்தில் இருக்க வேண்டும், புளிப்பு மெல்லியதாகத் தெரிய வேண்டும், வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். குளிர்பெட்டியில் கிடந்த சோறு விறைத்துக் கட்டியாக இருக்கும், எவ்வளவு நல்ல மீன் வைத்தாலும் தேறாது. பச்சை நிற வசாபி என்று சாதாரணக் கடைகளில் வருவது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்தது. அசல் வசாபிக் கிழங்கைக் கண் முன்னால் துருவுவார்கள், காரம் மூக்கைக் குத்தாமல் வந்து மறையும்.

எங்கள் மீன் உறைந்ததே இல்லை என்று யாராவது பெருமை பேசினால் அதை நல்ல அடையாளமாக எடுக்க வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35 டிகிரியில் 15 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அனிசாகிஸ் என்ற புழுவைக் கொல்லத்தான் இது. புழு வர வாய்ப்பில்லாத தீவனத்தில் வளர்த்த மீனுக்கு விலக்கு உண்டு. பிரெஞ்சுக் கடலில் கிடைப்பதையும் கேட்டுப் பாருங்கள். கானாங்கெளுத்தி, கடல் பிரீம், அக்டோபர் முதல் மே நடுவரை கிடைக்கும் சேன்-ஜாக் சிப்பி, இவை நல்ல கையில் மிக உயர்ந்த சுஷி ஆகும்.

சைவம், மாட்டிறைச்சி, பன்றி

தமிழ் வாசகர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. காய்கறி உடோன் என்று எழுதியிருந்தாலும் சாறு தாஷி. அது கொம்பு எனும் கடற்பாசியோடு உலர்ந்த சூரை மீன் சீவலைப் போட்டு எடுப்பது. மிசோ சூப், தெம்புராவின் தொட்டுச்சாறு, ஓகோனோமியாகி மாவு, இனிப்பு டோஃபு எல்லாவற்றிலும் அது இருக்கும். கேட்க வேண்டிய பிரெஞ்சு வாக்கியம்: "எஸ் கில் யா து புவாஸோன் தான் ல புய்யோன்?" சாற்றில் மீன் இருக்கிறதா என்று பொருள். காய்கறியா என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும், சாறு அவர்கள் நினைவுக்கே வராது.

முழுச் சைவர்கள் நம்பிக் கேட்கக்கூடியவை: அவித்த பச்சை சோயாக்காயான எதமாமே, கடற்பாசித் தாளில் சோற்றோடு சுருட்டிய வெள்ளரி மாகி, ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டையான ஓனிகிரி, மேலே மீன் சீவல் தூவாத குளிர் டோஃபு, உப்பு தொட்டுச் சாப்பிடும் காய்கறித் தெம்புரா. கடைசியதன் மாவில் முட்டை இருக்கலாம், இறால் பொரித்த அதே எண்ணெயிலும் வரலாம். சில ராமென் கடைகள் வேகான் கிண்ணம் வைத்திருக்கின்றன, பட்டியலில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜப்பானிய மசாலாக் குழம்பைக் கவனியுங்கள். கோழிக் குழம்பு என்றாலும் அதற்குப் போடும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ சாறோ இருப்பது சாதாரணம். கியோசாவில் பெரும்பாலும் பன்றி. கோழிச் சாறு ராமெனிலும் மேலே வைக்கும் துண்டு பன்றியாக இருக்கும். "சான் பெஃப்", "சான் போர்" என்று சொன்னால் மாடு, பன்றி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். மது தவிர்ப்பவர்கள் அரிசி மதுவான மிரின், சாகே பற்றியும் கேட்க வேண்டும், சாஸ்களில் இரண்டும் சேரும்.

பணம், பிறகு கடைத்தெரு

பட்டியலில் உள்ள விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. குடிக்க "யுன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், வெறுமனே தண்ணீர் என்றால் புட்டி வைத்துக் காசு சேர்க்கக்கூடும். சின்னக் கடைகளில் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை இருக்கலாம், இருபது யூரோ நோட்டு ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத் தொகுப்பான தெய்ஷோகு, அதாவது சோறு, சூப், ஊறுகாய், ஒரு முக்கியப் பண்டம், சுமார் 16 முதல் 28 யூரோவுக்குள் கிடைக்கும். அதே கடையில் இரவு விலை கூடும்.

சாப்பிட்டு முடித்து இனிப்புக்கு வேறு கடைக்கு நடங்கள். ஷபனே தெருவின் தோமோவில் பயற்று இனிப்பு வைத்த அப்பமான தொராயாகி, சேன்த்-ஆன் தெருவின் அகி பூலான்ஜேயில் இனிப்பு பன்னான மெலோன்பான். கொங்கோர்ட் சதுக்கம் பக்கம் 1980 முதல் இருக்கும் தொராயாவில் பருவத்துக்கு ஏற்ற ஜப்பானிய இனிப்பான வாகாஷியும் பச்சைத் தேயிலைத் தூளில் கலக்கும் மாச்சாவும். உட்கார்ந்து சாப்பிட அமைதியான இடம், விலையும் அதற்கேற்றது.

வீட்டில் சமைக்க வாங்குவதானால் பெத்தி-ஷான் தெருவின் கியோகோ. அரிசி, மிசோ, கடற்பாசித் தாளான நோரி, கொம்பு, புளித்த சோயாவான உறைந்த நாட்டோ எல்லாம் கிடைக்கும். சேன்த்-ஆன் தெருவின் ஜூஜி-யாவில் மதியப் பெட்டிச் சாப்பாடும் உண்டு, வரிசையில் நிற்க நேரமில்லாத நாளில் அதை வாங்கிப் பலே ரோயால் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நல்ல சோயாவும் புளிக்காடியும் தேடுபவர்கள் சேன்-ஓகுஸ்தான் தெருவின் வர்க்‌ஷாப் இஸ்ஸே போங்கள். குட்டை அரிசியில் இத்தாலியில் விளைந்தது விலை குறைவு, தினச் சமையலுக்குப் போதும். மிசோவைத் திறந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். நோரியைக் காற்றுப் புகாத டப்பாவில், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையோடு வைக்காவிட்டால் சில நாட்களிலேயே நமுத்துவிடும். நமுத்ததை அடுப்புத் தணலுக்கு மேலே சில நொடி காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும்.